பட்டாவில் இல்லாத பெயர்: இரப்பர் மறுநடவு மானியமும் தோட்டத் தமிழரும்

கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் நோக்கிக் கூட்டரசு நெடுஞ்சாலையில் இன்று பயணம் செய்யும் மாணவன் ஒருவனிடம், இருமருங்கிலும் தெரியும் இந்நகரங்களிற் பல ஒரு காலத்தில் பால்மரக் காடுகளாக இருந்தவை என்று கூறினால் அவன் வியப்படைவான். சுங்கை ரெங்கம் தோட்டம் இருந்த இடத்தில் ஷா ஆலாம் நிற்கிறது. சீபீல்டு தோட்டத்தின்மேல் சுபாங் ஜெயா எழுந்தது. எபிங்காம் தோட்டம் பெட்டாலிங் ஜெயாவாயிற்று. பிரிக்பீல்ட்சை அடுத்துள்ள பங்சாரும் முன்னர்த் தோட்டமே. மரங்கள் போயின, மரத்தைச் சீவிப் பாலெடுத்தோர் வாழ்ந்த லயங்களும் போயின, பெயர்கள் மட்டும் ஆங்காங்கே ஒரு சாலைக்கோ பள்ளிக்கோ ஒட்டிக்கொண்டு நிற்கின்றன.

தோட்டத் தமிழரின் வரலாற்றைப் பலரும் எழுதியுள்ளனர். கப்பல் பயணத்தையும் கங்காணியின் கொடுமையையும் கள்ளுக்கடையையும் சயாம் மரண இரயில்பாதையையும் நம் கதைகளும் கட்டுரைகளும் மீண்டும் மீண்டும் கூறியுள்ளன. கூறவேண்டியவையே. ஆயினும், அத்துயரக் கதைகளுக்கு நடுவே ஒரு கணக்கு நம்மவர் கண்ணிற் படாமலே கிடக்கிறது. இரப்பர்த் தொழில் நொடித்தபோதெல்லாம் அதனைத் தாங்கிப் பிடிக்க அரசாங்கம் முன்வந்தது, சட்டம் இயற்றிற்று, வரி விதித்து நிதி திரட்டிற்று, அந்நிதியை ஏக்கர் கணக்கில் பங்கிட்டுக் கொடுத்தது. அப்பணம் யார் கைக்குச் சென்றது? எந்த அளவையால் அளந்து கொடுக்கப்பட்டது? இவ்வினாக்களுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். கண்ணீரைப் பற்றி எழுதுவதினும் கணக்கைப் பற்றி எழுதுவது வறட்சியானதுதான். எனினும் ஒரு சமுதாயம் ஏன் நிலமின்றி நின்றது என்பதைக் கணக்கே தெளிவாகக் காட்டும்.

ஆளைக் கொண்டுவந்த நிதி

மலாயாவில் இரப்பர் வணிகப் பயிரானது 1890களில். 1877இல் கியூ பூங்காவிலிருந்து சிங்கப்பூர் வழியாக வந்த கன்றுகள் சில கோலாகங்சாரில் நடப்பட்டன. அவற்றின் வழித்தோன்றல்களை வைத்துக்கொண்டு, தோட்டக்காரர் பலர் காப்பியைக் கைவிட்டு இரப்பருக்கு மாறினர். சிலாங்கூரில், காஜாங்கிலுள்ள இஞ்ச் கென்னத் தோட்டம் அம்முயற்சியில் முன்னின்றவற்றுள் ஒன்று. கிள்ளான் மாவட்டத்தின் கரையோர மண் இரப்பருக்கு ஏற்றதாக அமைந்தமையால், இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே அங்குப் பெருந்தோட்டங்கள் நெருங்கி எழுந்தன.

மரம் இருந்தது, மூலதனம் இலண்டனிலிருந்து வந்தது, ஆள்தான் வேண்டியிருந்தது. அதற்காக 1907இல் ஒரு சட்டம் பிறந்தது. தமிழர் குடியேற்ற நிதி என்பது அதன் பெயர். பின்னர் அது இந்தியர் குடியேற்ற நிதி எனப் பெயர் மாறிற்று. தமிழ்த் தொழிலாளரை வேலைக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு முதலாளியும், வேலை செய்யப்பட்ட நாள்களைக் கணக்கிட்டு ஒரு தொகையை அந்நிதிக்குச் செலுத்துதல் வேண்டும். அப்பணத்தைக்கொண்டு தமிழகத்திலிருந்து வருவோருக்கு இலவசக் கப்பற் பயணம் அளிக்கப்பட்டது. ஆள்சேர்த்து வந்த கங்காணிக்கும் ஊக்கத்தொகை தரப்பட்டது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஏறியவர்கள் பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கித் தடைக்காப்பு முகாமிற் சில நாள் தங்கிய பின்னர்த் தோட்டங்களுக்குப் பிரித்தனுப்பப்பட்டனர்.

இந்நிதியை மேலோட்டமாகப் பார்ப்போர் இது தொழிலாளர்க்குச் செய்த உதவி என்றே எண்ணுவர். கடன்பட்டு வந்த ஒப்பந்தக்கூலி முறையோடு ஒப்பிடுமிடத்து, கடனின்றி வந்திறங்கியது ஒரு நன்மை என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் அதன் இயக்கத்தை உற்றுநோக்கினால், பயனடைந்தவர் யாவர் என்பது புலப்படும். ஆள் தேடும் செலவை முதலாளிகள் தம்முள் பகிர்ந்துகொள்ள அரசாங்கம் வகுத்துத் தந்த வழியே அது. ஆள் மிகுதியாக வந்தமையாற் கூலி உயராமல் நின்றது. இத்தொழிலுக்குக் கிடைத்த முதல் அரசாங்க உதவி இதுவெனக் கொண்டால், அது தமிழர் பெயரால் திரட்டப்பட்டுத் தோட்டங்களின் நலத்துக்குச் செலவிடப்பட்டது எனலாம். அந்நிதியின் எச்சம் தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்னும் பெயரில் விடுதலைக்குப் பின்னும் நீடித்து, 1999இல் கலைக்கப்பட்டது.

விலை விழுந்தபோது

முதல் உலகப் போருக்குப் பின்னர் இரப்பர் விலை சரிந்தது. 1922 நவம்பரில் ஸ்டீவன்சன் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஏற்றுமதியைக் குறைத்து விலையை உயர்த்துவது அதன் உத்தி. 1928 நவம்பரில் அது கைவிடப்பட்டது. உலகப் பொருளாதார மந்தத்தில் விலை அதலபாதாளத்தில் வீழ்ந்தபின், 1934இல் அனைத்துலக இரப்பர்க் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் வந்தது. இவ்விரண்டிலும் பணமாகக் கையில் எதுவும் கொடுக்கப்படவில்லை. ஏற்றுமதி உரிமையே பங்கிடப்பட்டது. தோட்டங்களுக்கு ஒதுக்கீடு, சிறுதோட்டக்காரருக்குக் கூப்பன். கூப்பனை விற்றாலும் காசு வரும். பால் வெட்டாமலே வருவாய் தரும் தாளாக அது மாறிற்று. சிறுதோட்டக்காரரின் விளைச்சல் குறைத்து மதிப்பிடப்பட்டது என்பதைப் பிற்காலத்தில் பி. டி. பாவர் என்னும் பொருளியலறிஞர் விளக்கிக் காட்டினார். மலாய்ச் சிறுதோட்டக்காரருக்கு அதில் நியாயமான குறை உண்டு.

தோட்டத் தமிழரின் நிலை வேறு. குறைத்து மதிப்பிடவும் அவர்களிடம் மரம் இல்லை. கூப்பன் பட்டியலில் அவர்கள் பெயர் ஏறுவதற்கு இடமே இல்லை. அவர்களுக்கென இருந்தது கூலிப் பட்டியல் ஒன்றே. ஆண் தொழிலாளியின் நாட்கூலி 1920களின் இறுதியில் 50 காசாக இருந்தது. மந்தக் காலத்தில் 28 காசு வரை இறங்கிற்று. 1930 முதல் 1932 வரை ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் தாயகத்துக்குத் திருப்பியனுப்பப்பட்டனர். விலை மீண்டும் ஏறியபோது கூலி அதே விரைவில் ஏறவில்லை. 1941இல் கிள்ளான் மாவட்டத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் மூண்ட வேலைநிறுத்தத்தின் வேர் இங்கேதான் உள்ளது. போருக்கு இரப்பர் தேவைப்பட்டது, விலை உயர்ந்தது, சீனத் தொழிலாளர்க்கு ஒரு கூலியும் தமிழர்க்கு ஒரு கூலியும் ஏன் என்று அவர்கள் கேட்டனர். துருப்புகள் வந்தன, துப்பாக்கி வெடித்தது, நாதன் நாடு கடத்தப்பட்டார். அவ்வேலைநிறுத்தம் தனியே ஒரு கட்டுரைக்குரிய பொருளாதலின் இவ்வளவில் நிறுத்துகிறேன்.

ஏக்கருக்கு நானூறு வெள்ளி

இனி நம் பொருளின் நடுப்பகுதிக்கு வருவோம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் மலாயாவின் பால்மரங்கள் கிழடுதட்டி நின்றன. 1910களிலும் அதை அடுத்தும் விலையேற்றத்தின்போது நடப்பட்டவை அவை. பால்மரத்தின் பயனுள்ள வாழ்நாள் ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகள். இதற்கிடையே அமெரிக்கா, ஜப்பானியர் கையில் மலாயா வீழ்ந்ததால் இரப்பரின்றித் தவித்து, செயற்கை இரப்பர் ஆலைகளைப் பெருமளவில் நிறுவிவிட்டது. போர் முடிந்தும் அவ்வாலைகள் மூடப்படவில்லை. இயற்கை இரப்பர் பிழைக்க வேண்டுமானால் செலவு குறைய வேண்டும். செலவு குறைய வேண்டுமானால் ஒரே ஏக்கரில் கூடுதலான பால் வடிய வேண்டும். 1925இல் தோன்றிய இரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உயர்ந்த விளைச்சல் தரும் ஒட்டுக்கன்றுகளைக் கண்டறிந்திருந்தது. பழைய விதைமரம் ஏக்கருக்கு ஆண்டுக்கு நானூறு, ஐந்நூறு இராத்தல் தந்த இடத்தில், புதிய இனங்கள் ஆயிரத்துக்கும் மேல் தந்தன. கிழட்டு மரத்தை அழித்துப் புதிய மரத்தை நட்டேயாதல் வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை.

ஆனால் புதிய கன்று வெட்டுக்கு வர ஆறு ஏழு ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்நிலம் வருவாய் தராது. இந்தக் காத்திருப்பின் சுமையை யார் தாங்குவது என்பதே கேள்வி. கொரியப் போர்க் காலத்தில் விலை வானளாவ உயர்ந்து, வரி விதிக்க வாய்ப்பான வேளையும் வந்தது. 1952இல் இரப்பர்த் தொழில் மறுநடவு நிதிச் சட்டம் இயற்றப்பட்டது. ஏற்றுமதியாகும் ஒவ்வோர் இராத்தல் இரப்பருக்கும் நாலரைக் காசு தீர்வை. திரண்ட பணம் இரண்டு நிதிகளாகப் பிரிக்கப்பட்டது: ஒன்று தோட்டங்களுக்கு, மற்றொன்று சிறுதோட்டக்காரருக்கு. 100 ஏக்கரும் அதற்கு மேற்பட்டதும் தோட்டம். அதனிற் குறைந்தது சிறுதோட்டம்.

இவ்விரு நிதிகளும் இயங்கிய முறை வெவ்வேறானது. தோட்டங்களின் நிதியில், ஒவ்வொரு தோட்டமும் செலுத்திய தீர்வை அத்தோட்டத்தின் பெயரிலேயே வரவு வைக்கப்பட்டு, மறுநடவு செய்ததைக் காட்டியபின் திருப்பித் தரப்பட்டது. ஆகவே அது கட்டாயச் சேமிப்பை ஒத்தது. சிறுதோட்டக்காரர் செலுத்தியது பொதுவிற் சேர்ந்தது; மறுநடவு செய்ய முன்வந்தவருக்கு ஏக்கருக்கு 400 வெள்ளி எனத் தொடங்கித் தவணை முறையில் வழங்கப்பட்டது. அதிகாரி வந்து பார்ப்பார். மரம் அழிக்கப்பட்டிருந்தால் ஒரு தவணை. கன்று நடப்பட்டுப் பராமரிக்கப்பட்டிருந்தால் அடுத்தது. ஏக்கர் வீதம் பின்னர்ப் பலமுறை உயர்த்தப்பட்டது. மூன்று நான்கு ஏக்கர் மட்டுமே உடையவர், இருக்கும் மரத்தையும் அழித்துவிட்டு ஆறாண்டு எதை உண்பார்? ஆகவே சற்று வசதியுடைய சிறுதோட்டக்காரரே முதலில் முன்வந்தனர். மிக வறியவர் பின்தங்கினர். வறியவரும் கொடுத்த தீர்வையால் வசதியுடையவர் மரம் நட்டதாக முடிந்தது.

இதனோடும் அரசாங்கம் நிற்கவில்லை. 1954இல் சர் பிரான்சிஸ் மூடி தலைமையில் ஒரு விசாரணைக் குழு வந்து ஆராய்ந்தது. அதன் விளைவாக, 1955இல் 280 மில்லியன் வெள்ளி மறுநடவுக்கென ஒதுக்கப்பட்டது. அதில் 168 மில்லியன் தோட்டங்களுக்கு. 112 மில்லியன் சிறுதோட்டக்காரருக்கு. தோட்டங்களுக்குரிய வீதம், அவற்றின் பரப்பில் 21 விழுக்காட்டுக்கு ஏக்கருக்கு 400 வெள்ளி. கிள்ளான் வட்டாரத்தில் ஆயிரம் ஏக்கர்த் தோட்டம் ஒன்றை எண்ணிக்கொள்வோம். அதற்கு 210 ஏக்கருக்கு உரிய 84,000 வெள்ளி கிடைக்கும். அத்தோட்டத்தின் உரிமையாளர் இலண்டனிலுள்ள பங்குதாரராக இருந்தாலும் கிடைக்கும்.

மாணவர் இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்த்தல் நன்று. ஒரு தொழிலாளி நாளொன்றுக்கு ஏறத்தாழ நானூறு மரம் வெட்டுவார். ஏக்கருக்கு நூறு மரமென்று கொண்டால் அது நான்கு ஏக்கர். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும் முறையில், மறுநாளைக்கு வேறொரு நான்கு ஏக்கர். ஆக, ஒரு தொழிலாளியின் பிழைப்பு எட்டு ஏக்கரில் அடங்கியிருந்தது. அந்த எட்டு ஏக்கரை அழித்து மறுநடவு செய்ய உரிமையாளருக்குக் கிடைத்த உதவி 3,200 வெள்ளி. அதே எட்டு ஏக்கர் அழிந்ததால் வெட்டுமரம் இழந்த தொழிலாளிக்கு அத்திட்டத்தில் ஒரு காசும் இல்லை. இராத்தலுக்கு நாலரைக் காசு தீர்வை விழுந்த அந்த இரப்பரை, விடியுமுன் பிரட்டுக்குச் சென்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு சீவி, மங்கில் வடிந்ததை வாளியில் ஊற்றி, காண்டா போட்டு ஸ்டோருக்குச் சுமந்துவந்தவர் அவரே. ஆயினும் சட்டத்தின் கண்ணில் இரப்பரை விளைவித்தவர் பட்டாவில் பெயருள்ளவர்தாம்.

இவ்விடத்தில் என் சொந்த நினைவு ஒன்றைக் குறிப்பிடுவதை வாசகர் பொறுத்தருள வேண்டும். கிள்ளானுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் நான் வளர்ந்தவன். என் தாயார் வெட்டிய நிரை மறுநடவுக்கு விடப்பட்டது 1960களில். அழிப்பதற்கு முன் சில மாதம், மரத்தில் ஏணி சார்த்தி உயரத்திலும் சீவி, இருக்கும் பாலையெல்லாம் வடித்தெடுத்தார்கள். அப்போது வருமானம் சற்றுக் கூடிற்று. வீட்டில் ஒரு மிதிவண்டி வாங்கினோம். பின்னர் அடிமரப் பட்டையில் மருந்து பூசி, மரத்தை நின்றபடியே காயவிட்டனர். பச்சையாக இருந்த காடு சாம்பல் நிறமாகி, கிளை முறிந்து விழும் ஓசை இரவில் லயத்துக்குக் கேட்கும். தாயாருக்குப் புல்வெட்டும் வேலை கொடுத்தனர். வாரத்தில் எல்லா நாளும் இல்லை. இதற்கு அரசாங்கம் பணம் கொடுக்கிறது என்பதே நாங்கள் அறியாத செய்தி. கிராணியார் அறிந்திருப்பார், அவரும் கூறவில்லை.

எனினும் ஒருதலையாக வழக்குரைத்தல் வரலாற்றெழுத்துக்கு அழகன்று. மறுநடவு நடவாமற் போயிருந்தால் மலாயாவின் இரப்பர் செயற்கை இரப்பரோடு போட்டியிட்டிருக்க முடியாது, தோட்டங்கள் மூடப்பட்டிருக்கும். புதிய மரத்தில் ஒரே உழைப்புக்குக் கூடுதல் பால் கிடைத்தமையால், 1954இல் தோன்றிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பி. பி. நாராயணன் தலைமையில் பேச்சு நடத்தி உயர்ந்த கூலி கேட்பதற்கும் ஓரளவு இடம் பிறந்தது. மானியம் தீது என்பது என் கருத்தன்று. அதனை அளந்த கோலைப் பற்றியே பேசுகிறேன்.

பருத்தி நிலத்தில் நிகழ்ந்தது

இவ்வாறு நிலத்தை அளந்து உதவி வழங்கியது மலாயாவின் தனிப் புதுமையன்று. இருபது ஆண்டுகளுக்கு முன்னரே அமெரிக்கத் தென்மாநிலங்களில் பருத்தி விளைவிப்போரிடையே இது நடந்து முடிந்திருந்தது. அக்கதையை அறிந்தால் நம் கதை இன்னும் தெளிவாகும்.

பொருளாதார மந்தத்தில் பருத்தி விலை இராத்தலுக்கு ஆறு காசு அளவுக்கு வீழ்ந்தது. 1933 மே மாதம் அமெரிக்கா வேளாண்மைச் சீரமைப்புச் சட்டத்தை இயற்றிற்று. பஞ்சாலை முதலியவற்றின்மேல் வரி விதித்து, அப்பணத்தைக்கொண்டு பயிரைக் குறைப்போர்க்கு உதவித்தொகை தருவது திட்டம். அக்கோடையில், வளர்ந்து நின்ற பருத்தியை ஏறத்தாழ ஒரு கோடி ஏக்கரில் உழுது புதைத்தனர். அந்நிலத்தை உழுதவர்களுட் பெரும்பாலோர் உரிமையாளர் அல்லர். தஞ்சை வட்டாரத்து வாரக்குடிகளைப் போல, விளைச்சலில் பங்கு பெற்று வாழ்ந்தவர்கள். கறுப்பரும் வெள்ளையரும் அவருள் இருந்தனர்.

1934ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில், விளைவிக்காமல் விட்ட பருத்திக்கு இராத்தலுக்கு நாலரைக் காசு என்று வகுத்தனர். அதில் மூன்றரைக் காசு நிலவாடகை எனப்பட்டது. அது முழுதும் நிலக்கிழாருக்கு. எஞ்சிய ஒரு காசில் பாதி வாரக்குடிக்கு. நான்கு காசு நிலத்துக்கு, அரைக் காசு உழைப்புக்கு. நம் தீர்வையும் நாலரைக் காசு, அவர்கள் உதவித்தொகையும் நாலரைக் காசு. நாணயம் வேறு, காரணம் வேறு, தற்செயலான ஒற்றுமைதான். ஆனால் அமெரிக்க வாரக்குடிக்கு அந்த அரைக் காசாவது ஏட்டில் இருந்தது.

ஏட்டில் இருந்ததும் கைக்கு வருவது அரிதாயிற்று. காசோலை நிலக்கிழார் பெயருக்கு வந்தது. வாரக்குடி பட்ட கடனுக்கென அவர் அதைப் பிடித்துக்கொண்டார். பயிர்ப்பரப்புக் குறைந்தமையாற் குடிகளும் வேண்டாதவராயினர். முடிந்தவரையிற் குடிகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாகாது என்று ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருந்தது. இருக்கும் குடிகளையே வைத்திருக்க வேண்டும் என்று அதற்குப் பொருள் கூறிய அரசாங்க வழக்கறிஞர்கள் 1935 பிப்ரவரியில் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர். ஆனால் அதற்கு முன்பே, 1934 சூலையில், ஆர்க்கன்சா மாநிலத்துப் பாயின்செட் மாவட்டத்தில் டைரோன்சா என்னும் சிற்றூரில், வெள்ளையரும் கறுப்பரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து தென்னக வாரக்குடிகள் சங்கத்தைத் தோற்றுவித்தனர். நிற வேற்றுமை கோலோச்சிய அந்நாட்டில் அது சிறு செயலன்று. அவர்கள் கேட்டவற்றுள் முதன்மையானது, உதவித்தொகை நேரே குடியின் பெயருக்கு வரவேண்டும் என்பது. மலாயாவில் நம் சங்கங்கள் கூலிக்குப் போராடின, குடியிருப்புக்குப் போராடின. இங்கும் அக்கேள்வி உரக்க எழுந்திருந்தால் என்ன விடை கிடைத்திருக்கும் என்று நான் பன்முறை எண்ணியதுண்டு.

பெயரைப் பட்டாவில் ஏற்றிய முயற்சி

மறுநடவு செய்த தோட்டங்கள் பிழைத்தன. செய்ய விரும்பாத முதலாளிகள், குறிப்பாக நாட்டின் விடுதலை நெருங்கிய காலத்தில், நல்ல விலை கிடைத்தபோது விற்றுவிட்டுப் புறப்பட்டனர். வாங்கிய வணிகர்கள் தோட்டத்தைச் சிறு துண்டுகளாகக் கூறுபோட்டு விற்றனர். தோட்டத் துண்டாடல் என்று நம்மவர் இதனைக் குறிப்பிட்டனர். 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த துண்டாடலைப் பற்றி மலாயாப் பல்கலைக்கழகப் பொருளியலறிஞர் உங்கு அசிஸ் அரசாங்கத்துக்காக விரிவாக ஆராய்ந்து அறிக்கை அளித்தார். துண்டான நிலத்தில் வேலை குத்தகைக்காரர் கைக்குச் சென்றது. தொழிற்சங்க உடன்பாடு செல்லவில்லை. லயம் யாருடையது என்பது கேள்விக்குறியாயிற்று. பிள்ளைகள் குறைந்தமையாற் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் தள்ளாடின. ஆசிரியப் பெருமக்களுள் மூத்தோர் சிலர், முப்பது பிள்ளைகள் பத்தாகக் குறைந்த வகுப்பறையைக் கண்ணாற் கண்டிருப்பர்.

இந்நிலையில் எழுந்ததே தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் அதனைத் தொடங்கினார். அவர் கண்ட தீர்வு எளிமையானது: தோட்டம் விற்பனைக்கு வருகிறதா? நாமே வாங்குவோம். தொழிலாளி மாதம் 10 வெள்ளியாகச் செலுத்தி 100 வெள்ளிப் பங்கொன்றைப் பெறலாம். அமைச்சராக இருந்துகொண்டே அவர் தோட்டந்தோட்டமாகச் சென்று, பிரட்டுக் களத்திலும் கோயில் முற்றத்திலும் நின்று பேசினார். சேர்ந்த பணத்தைக்கொண்டு 1961இல் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. அடுத்தடுத்துப் பல தோட்டங்கள் சங்கத்தின் உடைமையாயின. கோலாலம்பூரில் அவர் பெயர் தாங்கிய மாளிகையில் சங்கம் நிலைபெற்றது. பிரிக்பீல்ட்சின் முதன்மைச் சாலையும் இன்று அவர் பெயரையே தாங்கியுள்ளது. அச்சாலையில் நாள்தோறும் நடப்போருள் எத்தனை பேர் அந்தப் பத்து வெள்ளியை நினைக்கின்றனர் என்று தெரியவில்லை.

அரசியல்வாதி என்ற முறையில் சம்பந்தன்மேல் குறை கூறுவோர் உளர். அது இங்கே பொருளன்று. மானியமோ, நிலவிலை ஏற்றமோ, இழப்பீடோ, எதுவாயினும் பட்டாவைத் தேடியே வரும் என்னும் உண்மையை ஏற்றுக்கொண்டு, பட்டாவையே தேடிச்சென்ற முயற்சி அது. பால்மரத்தோடு ஒன்றரைத் தலைமுறை பழகியும் ஒரு மரத்துக்கும் உரியவராகாத மக்கள், பங்குச் சீட்டின் வழியாகவேனும் உரியவராயினர். ஆனால் அதன் எல்லையையும் ஒளிக்காமற் கூறவேண்டும். விற்பனைக்கு வந்த தோட்டங்களுள் ஒரு பகுதியைத்தான் சங்கத்தால் வாங்க முடிந்தது. கிள்ளானிலுள்ள உறுப்பினர் கெடாத் தோட்டத்துக்குப் பங்குதாரர். தாம் வாழும் லயத்துக்கோ வேறொருவர் உரிமையாளர். பங்கு ஈவு தந்தது. தலைக்கு மேல் கூரையைத் தரவில்லை.

அரசாங்கம் நிலமற்றோருக்கு நிலம் அளிக்க 1956இல் தொடங்கிய பெல்டா திட்டத்தில் குடியேறியவருள் மிகப் பெரும்பாலோர் மலாய்க்காரர். தோட்டத் தமிழரிற் பலர் விடுதலைக்குப் பின்னும் குடியுரிமை பெறாதிருந்தனர். பெற்றவரும் அத்திட்டத்தில் அருகியே இடம்பெற்றனர். 1973 சனவரியில் மறுநடவு வாரியத்தின் இடத்தில் ரிஸ்டா எனப்படும் சிறுதோட்டக்காரர் மேம்பாட்டு ஆணையம் வந்தது. மானியம் மேலும் விரிந்தது. கன்று, உரம், ஆலோசனை எனப் பல வழிகளில் சென்றது. அதன் பெயரே கூறுவதுபோல அது சிறுதோட்டக்காரருக்கு உரியது. தோட்டத் தொழிலாளி தோட்டக்காரரும் அல்லர், சிறுதோட்டக்காரரும் அல்லர்.

மரம் மாறியது, நிலம் மாறியது

அதன்பின் நிகழ்ந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். கிள்ளான் கரையோரத்தில் பால்மரத்தை அழித்துச் செம்பனை நட்டனர். செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். வெள்ளையர் கும்பினிகள் உள்நாட்டார் உடைமையாயின. 1981 செப்டம்பர் 7ஆம் நாள் இலண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்தில் கத்ரி கும்பினி மலேசியர் கைக்கு வந்தது. நாடு பெருமிதம் கொண்டது. பட்டாவில் உரிமையாளர் மாறினார். அதில் இல்லாத பெயர் இல்லாமலே இருந்தது.

பின்னர்ச் செம்பனையினும் வீடு இலாபமானது. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏக்கர்க் கணக்கில் வாங்கிய நிலம் சதுர அடிக் கணக்கில் விற்கப்பட்டது. வேலை முடிந்துபோன தொழிலாளிக்கு 1980ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி இழப்பீடு உண்டு: ஐந்தாண்டுக்கு மேல் உழைத்தவருக்கு, உழைத்த ஆண்டு ஒவ்வொன்றுக்கும் 20 நாட்கூலி. முப்பதாண்டு வெட்டியவருக்கு 600 நாட்கூலி. மரத்துக்குக் கொடுத்த மானியம் ஏக்கரை அளந்தது. மனிதனுக்குக் கொடுத்த இழப்பீடு நாளை அளந்தது. மாதச் சம்பளமும் இல்லாமல் நாட்கூலியாகவே இருந்த ஒருவருக்கு அத்தொகை எவ்வளவு ஆகும் என்பதை எந்த மாணவரும் கணக்கிடலாம். பலர் அதை வாங்கிக்கொண்டு கிள்ளானிலும் கோலாலம்பூர்ப் புறநகரிலும் புறம்போக்கு நிலத்திற் பலகை வீடு கட்டினர். அங்கும் பட்டா இல்லை.

இன்றைய நிலையைப் பற்றி ஒரு செய்தி. இரப்பர் விலை மீண்டும் சரிந்ததால், 2015 முதல் அரசாங்கம் இரப்பர் உற்பத்தி ஊக்கத்தொகை ஒன்றை வழங்கிவருகிறது. விலை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கும் மாதங்களில், விற்ற இரப்பரின் எடைக்கேற்ப அது தரப்படும். இதனைப் பெற இரப்பர் வாரியத்தின் அனுமதி அட்டை ஒன்று வேண்டும். அந்த அட்டை நிலத்துக்கு உரியவருக்கு மட்டுமன்றி, சிறுதோட்டங்களில் மரம் வெட்டுவோருக்கும் அவர்தம் பெயரிலேயே வழங்கப்படுகிறது. ஆர்க்கன்சாவின் வாரக்குடிகள் 1934இல் கேட்டது ஏறத்தாழ இதுதான்.

ஊரில் எஞ்சியிருந்த முதியவர் ஒருவரிடம், எண்பதைக் கடந்தவர், இதனை எடுத்துச் சொன்னேன். அட்டையில் வெட்டுகிறவர் பெயரும் படமும் இருக்குமா என்று கேட்டார். பெயர் இருக்கும் என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பின்னர், தாம் வெட்டிய நிரை இப்போது எந்த இடத்தில் இருக்கிறது என்று கையை நீட்டிக் காட்டினார். அங்கே ஒரு பேரங்காடியின் வண்டி நிறுத்துமிடம் இருந்தது.